உண்டதும் உடலிற் சேர்ந்ததும்

தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலைப் பற்றி எழுதினர். கங்காணியைப் பற்றி எழுதினர். கூலியைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் எழுதினர். ஆயின், அம்மக்களின் வயிற்றைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. வயிறு என்றவுடன் பசிதான் நினைவுக்கு வருகின்றது. பசியின் வரலாறு வேறு. வயிற்றின் வரலாறு வேறு. உணவு கிடைக்காமை முன்னதன் பொருள். கிடைத்த உணவு உடலிற் சேராமற் போதல் பின்னதன் பொருள்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தை அமைத்தபோது மூலிகைகளின் பெயர்களை அடுக்கிச் சொல்லவில்லை. முன்னர் உண்டது செரித்ததா என்பதை அறிந்து, அதன்பின் அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்தினார். உண்ணுதல் ஒன்று, உண்டது உடலாக மாறுதல் மற்றொன்று என்னும் தெளிவு தமிழர்க்குப் புதியதன்று. ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காட்டும் வழியை அறிவியல் இருபதாம் நூற்றாண்டில்தான் கண்டது. குழந்தையின் சிறுநீரை ஆய்வுக்கூடத்திற் சோதித்து, அதன் குடற்சுவர் எந்நிலையில் உள்ளது என்பதை அறியும் முறையே அது. அம்முறை பிறந்த கதையை நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து தொடங்கிக் காண்பது பொருத்தமுடையது. ஏனெனில், உணவையும் நோயையும் பற்றிய முதற்கேள்விக்கு உலகம் விடைகண்ட இடங்களுள் இம்மாநிலமும் ஒன்று.

டுரியான் தீப்புஸ் காட்டில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் கொடுநோய் வாட்டியது. கால்கள் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் நலிந்து மக்கள் மாண்டனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. தோட்டங்களில் உழைத்த தமிழரிடையேயோ அது அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். 1907-இல் அவர் வெளியிட்ட நூலில், சீனர் தீட்டிய வெள்ளரிசியை உண்பதையும் தமிழர் புழுங்கலரிசியை உண்பதையும் எடுத்துக்காட்டினார். வெள்ளரிசி நாட்படும்போது அதில் ஒரு நஞ்சு தோன்றுகிறது என்று அவர் கருதினார். அக்கருத்து பின்னர் தவறென்று தெரிந்தது. ஆயினும், நோய்க்கும் அரிசிக்கும் உள்ள உறவை அவர் சுட்டியது முற்றிலும் சரியே.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் இதனைச் சோதித்தறிய முற்பட்டனர். நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்புஸ் பகுதியில், காட்டினூடே சாலை அமைக்க வந்திருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை 1907-இல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு வெள்ளரிசியும் மற்றப் பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கினர். சில மாதங்களில் வெள்ளரிசி உண்டோரிடையே பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசி உண்டோர் நலமாக இருந்தனர். அரிசியை மாற்றி வழங்கியபோது நோயும் இடம் மாறியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே புகுந்து நிலைபெறுகின்றது என்பதும், அச்சத்தே இன்று பி1 எனப்படும் தயாமின் என்பதும் பின்னாளில் விளங்கின.

தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் வடவார்க்காட்டிலும் வாழ்ந்த எளிய மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல்லை அவித்துக் குத்திய பழக்கம், கடல்கடந்து வந்த அவர்தம் மக்களைக் காத்தது. பானையில் இருப்பது என்ன என்று கேட்கவேண்டும் என்பதே டுரியான் தீப்புஸ் மருத்துவ உலகிற்குத் தந்த பாடம். ஆனால் அப்பாடம் முழுமையானதன்று. பானையில் இருப்பது நல்லுணவாகவே இருந்தாலும் அது உடலிற் சேர்கிறதா என்னும் இரண்டாவது கேள்வி அப்போது எழவில்லை.

தோட்டத்துக் குழந்தை

அக்கேள்விக்கு இடமளிக்கும் காட்சி அதே மாநிலத்தின் தோட்டங்களில் நாள்தோறும் காணக் கிடந்தது. ரந்தாவ், லிங்கி, லாபு, போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் எனப் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலருமுன்னே பெற்றோர் பெரட்டுக்குச் செல்வர். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் விடப்படும். வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. குடிநீர் கிணற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வந்தது. கழிப்பிடம் இல்லாத தோட்டங்களும் இருந்தன. இருந்த இடங்களிலும் பலர்க்குப் பொதுவாக அமைந்தது. குழந்தைகள் வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தன. அந்த மண்ணிலேயே தவழ்ந்தன. அந்த மண்பட்ட கையாலேயே உண்டன.

மலேரியாவுக்கு அடுத்தபடியாகத் தோட்டங்களை அலைக்கழித்தவை வயிற்றுநோய்களே. சீதபேதியும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் தொழிலாளரை நலியச் செய்தன. 1915 முதல் 1917 வரை அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒன்று மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்து, 1920-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. புழுவைக் கொல்லும் மருந்து மட்டும் போதாது, மண்ணில் மலம் கலவாமல் தடுக்கவேண்டும் என்னும் உண்மை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அறிந்ததைச் செய்யும் வேகம்தான் குறைவாக இருந்தது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழி செய்தது. அப்பள்ளிகளின் பலகைகளில் அமர்ந்த பிள்ளைகளுள் பலர் வயதுக்கேற்ற உயரமும் எடையும் இல்லாதவர். அதற்குக் காரணம் கூறியோர் மூவகையினர். “இது இனத்தின் இயல்பு, தமிழன் குள்ளமானவன்” என்றனர் சிலர். “தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை” என்றனர் வேறு சிலர். “வீட்டில் சோறில்லை” என்றனர் இரக்கமுள்ளோர். மூன்றாவது காரணம் பல வீடுகளில் உண்மையாகவும் இருந்தது. ஆனால் வயிறார உண்ட குழந்தையும் வளராமல் நின்றபோது அக்காரணமும் போதவில்லை. பழி மீண்டும் தாயின்மேலோ குருதியின்மேலோ விழுந்தது. அப்பழியைத் துடைக்கும் சான்று, அத்தாய்மாரின் முன்னோர் வாழ்ந்த மண்ணிலிருந்தே வந்தது.

வேலூரில் எழுந்த இரண்டாம் கேள்வி

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் வடவார்க்காடும் ஒன்று. அம்மாவட்டத்தின் வேலூர் நகரில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், செல்வின் பேக்கரும் மாத்தனும் அவர்தம் துணைவரும் ஒரு நோயை நெடுநாள் ஆராய்ந்தனர். உண்டது உடலிற் சேராமல், ஓயாத வயிற்றுப்போக்கால் மனிதர் மெலிந்து போகும் நோய் அது. மருத்துவர் அதனை ஸ்புரூ என்பர். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது தென்னிந்தியச் சிற்றூர்களில் கொள்ளைநோயாகவே பரவியது.

நோயாளரைச் சோதிக்க அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று சைலோஸ் என்னும் சர்க்கரையைப் பருகத் தருவதாகும். இச்சர்க்கரையை உடல் பெரிதும் பயன்படுத்துவதில்லை. குடல் உறிஞ்சியதில் ஒரு பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறும். ஆகவே சில மணிநேரச் சிறுநீரைச் சேர்த்து, அதிலுள்ள சைலோசை அளந்தால் குடலின் உறிஞ்சும் திறன் புலனாகும். இச்சோதனையை நோயற்றோர்க்கும் செய்தபோதுதான் வியப்பு காத்திருந்தது. வயலில் உழைத்து நலமாக வாழ்ந்துகொண்டிருந்த மக்களிற் பலரும் மேலைநாட்டாரைவிடக் குறைவாகவே சைலோசை உறிஞ்சினர்.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் நெருங்கி நிற்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சுவன அவையே. குடற்சுவரின் சிறு துணுக்கை எடுத்து உருப்பெருக்கியில் நோக்கும் முறை 1950களில் வந்தது. வெப்பநாடுகளின் எளிய மக்களிடம் அந்நீட்சிகள் குட்டையாகி, பருத்து, இலைபோல் தட்டையாகிக் கிடந்தன. இது பிறவியிலேயே அமைந்த வேறுபாடா, வாழும் சூழலால் வந்த கேடா என்னும் கேள்வி எழுந்தது.

மூன்று சான்றுகள் விடை தந்தன. கிழக்குப் பாகிஸ்தானில் தொண்டாற்றச் சென்ற அமெரிக்க இளைஞரின் குடலும் அங்கு வாழ்ந்த காலத்தில் அவ்வாறே மாறியது. தாயகம் திரும்பிய பின்னர்ச் சீரடைந்தது. நியூயார்க் நகரில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியரின் குடல் ஆண்டுகள் செல்லச் செல்ல நலம் பெற்றதை 1971-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எல்லாவற்றினும் உருக்கமான சான்று வேலூரிலிருந்து 1969-இல் வந்தது. உயிர் பிழையாத கருக்களின் குடலை ஆராய்ந்த மருத்துவர்கள், தாயின் கருவறையில் தென்னிந்தியக் குழந்தையின் குடல்நீட்சிகள் நீண்டு மெலிந்த விரல்களாகவே, குறையேதும் இன்றி அமைந்திருக்கக் கண்டனர்.

இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயற்கை அக்குழந்தைக்கு ஓரவஞ்சனை செய்யவில்லை, குருதியில் குறையில்லை, பெற்றவளிடத்தும் குறையில்லை. குழந்தை பிறந்து, அசுத்தமான நீரையும் மண்ணையும் தீண்டிய பின்னரே குடல் கெட்டது. தீய நுண்ணுயிர்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக உட்புக, குடற்சுவர் ஓயாமல் அழற்சியுற்றுத் தேய்கின்றது. வயிற்றுப்போக்கு இல்லாத நாளிலும் அத்தேய்வு தொடர்கின்றது. வெளிப்பார்வைக்குத் தெரியாத இந்நிலையே இன்று சூழல்சார் குடற்கேடு எனப்படுகின்றது.

இரு சர்க்கரைகள்

நாட்படக் கெட்ட குடலில் இரு கேடுகள் நேர்கின்றன. உறிஞ்சும் பரப்புக் குறைவது ஒன்று. குடற்சுவரின் உயிரணுக்களுக்கிடையே உள்ள கட்டுத் தளர்ந்து, உட்புகத் தகாதன கசிந்து புகுவது மற்றொன்று. குழந்தைகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்து நோக்குவது எல்லா இடத்தும் இயலுவதன்று. இயன்றாலும், நோயற்ற குழந்தையை அவ்வாறு வருத்துவது முறையுமன்று. சைலோஸ் சோதனையோ முதற்கேட்டை மட்டுமே காட்டவல்லது. குழந்தையை வருத்தாமல் இரண்டையும் ஒருசேர அறிய வழி வேண்டியிருந்தது.

இலண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மென்சிஸ் 1974-இல் இதற்கு வழிகோலினார். உடல் செரிக்காத இருவேறு பொருள்களை ஒன்றாகப் பருகத் தருவதே அவ்வழி. பின்னாளில் அது லாக்டுலோஸ், மானிட்டால் என்னும் இரண்டையும் கொண்டு பரவலாக நடைபெறலாயிற்று. மானிட்டால் மிகச் சிறிய மூலக்கூறு. நலமான குடற்பரப்பின் வழியே எளிதில் உட்செல்லும். லாக்டுலோஸ் பெரியது, சுவரில் விரிசல் இருந்தாலன்றி எளிதில் உட்புகாது. ஆகவே, மானிட்டால் குறைந்தால் உறிஞ்சும் பரப்புச் சுருங்கியது என்று பொருள். லாக்டுலோஸ் மிகுந்தால் சுவர் கசிகிறது என்று பொருள். வேலி உறுதியாக உள்ள தோட்டத்தில் எலி நுழையலாம். மாடு நுழைய முடியாது. மாடும் நுழைந்திருந்தால் வேலி சிதைந்துவிட்டது என்று அறிகின்றோம் அல்லவா? அதுபோன்றதே இச்சோதனை.

ஒன்று போதாதா, இரண்டு எதற்கு என மாணவர் வினவக்கூடும். குழந்தை மருந்தில் சிறிது துப்பிவிடலாம். இரைப்பை மெதுவாக இயங்கலாம். சிறுநீரில் ஒரு பகுதி சிந்திவிடலாம். ஒரே பொருளை அளந்தால் இக்குறைகள் கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், இருபாலும் சமமாக நேர்ந்த குறைகள் பெரும்பாலும் நீங்கிவிடும். பள்ளியிற் கற்கும் விகிதக் கணக்கே இங்கு மருத்துவத்திற்குக் கைகொடுக்கின்றது.

சோதனை நடைபெறும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. குழந்தையின் எடைக்கேற்ப அளந்த இனிப்புநீரைப் புகட்டுவர். சிறுநீர் சேரும் சிறு பையைக் குழந்தையின் உடலில் ஒட்டுவர். ஏறத்தாழ ஐந்து மணிநேரம் தாய் குழந்தையுடன் காத்திருப்பாள். சேர்ந்த சிறுநீரின் அளவைக் குறித்து, கெடாமலிருக்க மருந்திட்டு, ஒரு பகுதியை உறைநிலையில் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். அங்கு நுட்பமான கருவிகள் இரு பொருள்களையும் பிரித்து அளக்கும். நாட்கூலி பெறும் தாய்க்கு ஐந்து மணிநேரம் என்பது அரைநாள் கூலி. அவள் பொறுத்திருந்ததனால்தான் அறிவு வளர்ந்தது.

காம்பியாவும் மீண்டும் வேலூரும்

இச்சோதனையின் பயனை உலகறியச் செய்தது மேற்காப்பிரிக்காவின் காம்பியா நாடு. அங்குக் குழந்தைகள் பிறந்த சில மாதங்கள் நன்கு வளர்ந்து, பின்னர்த் தளர்ந்தன. உணவுக் குறையும் வயிற்றுப்போக்கும் மட்டுமே இதற்குப் போதிய விளக்கமாகவில்லை. லன் என்பாரும் அவர்தம் துணைவரும் குழந்தைகளின் சிறுநீரைத் தொடர்ந்து சோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டனர். வளர்ச்சித் தளர்வில் நூற்றுக்கு 43 பங்கு குடற்கசிவோடு தொடர்புடையது என்பது அவர்கள் கண்ட முடிவு. மலேசியாவிலும் இவ்வழி அறியப்படாமல் இல்லை. கிளந்தானில் 1990களில், குடற்புழுக்களுக்கும் பள்ளிச் சிறுவரின் குடற்கசிவுக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் ஆராய்ந்தனர்.

2009-இல் எட்டு நாடுகளில் ஒரே நேரத்தில் ஒரு பேராய்வு தொடங்கியது. வங்காளதேசம், இந்தியா, நேப்பாளம், பாகிஸ்தான், பிரேசில், பெரு, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகியவை அந்நாடுகள். இந்தியாவின் சார்பில் அமைந்த இடம் வேலூரே. அந்நகரின் எளிய குடியிருப்புகளிற் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்த நாள்முதல் கண்காணிக்கப்பட்டன. உணவு, நோய், எடை, உயரம் ஆகியவற்றோடு இருசர்க்கரைச் சோதனையும் செய்யப்பட்டது. சைலோசைக் கொண்டு முதற்கேள்வி கேட்ட நகரில், அரைநூற்றாண்டின் பின் பேரக் குழந்தைகளிடம் அக்கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது.

விடை காம்பியாவிற் கிடைத்தது போல் அத்துணைத் தெளிவாக இல்லை. குடற்கேடு பரவலாக இருந்தது உண்மை. ஆனால் சிறுநீர்ச் சோதனையின் எண்ணைக் கொண்டு மட்டும் ஒரு குழந்தை வளருமா வளராதா என்று உறுதி கூற இயலவில்லை. சோதனை செய்யும் முறையும் அளக்கும் கருவியும் ஊருக்கு ஊர் வேறுபட்டதும் ஒப்பிடுதலைக் கடினமாக்கியது. கருவி எதுவாயினும் அதன் எல்லையை அறிந்து கையாள்வதே அறிவுடைமை.

அதனினும் கடுமையான பாடம் 2018-ஐ ஒட்டி வந்தது. வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளின் சிற்றூர்களில் எளிய கழிப்பறையும் கைகழுவும் வசதியும் நீரைத் தூய்மையாக்கும் மருந்தும் வழங்கி, குழந்தைகள் உயர்கின்றனரா என்று ஆராய்ந்தனர். உயரத்தில் மாற்றம் காணப்படவில்லை. தூய்மையால் பயனில்லை என்பது இதன் பொருளன்று. வீட்டுக்கொரு குழியும் ஒரு சோப்புத் துண்டும் கொடுத்துவிட்டு, சுற்றிலும் மண் முழுவதும் மாசுபட்டிருக்க விட்டால் குடல் தேறாது என்பதே ஆய்வாளர் பலரும் உணர்ந்த பாடம். அரைகுறைத் தூய்மை குழந்தையைக் காப்பதில்லை.

தோட்டங்களுக்குத் திரும்பினால்

இப்பாடத்தின் ஒளியில் நெகிரி செம்பிலான் தோட்டங்களைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். மென்சிஸ் இரு சர்க்கரைகளைக் கலப்பதற்குள் இத்தோட்டங்களிற் பல தலைமுறைகள் பிறந்து மறைந்துவிட்டன. அக்குழந்தைகளின் குடலை அளக்க இனி வழியில்லை. ஆனால் காம்பியாவிலும் வேலூரிலும் குடலைக் கெடுத்த அசுத்த நீரும் மாசுபட்ட மண்ணும் நெருக்கடியான குடியிருப்பும் இங்கும் இருந்தன. லயத்துப் பிள்ளை குள்ளமாக நின்றது தமிழ்க்குருதியால் அன்று, லயத்தால்.

தோட்டத் தொழிலாளர்க்கான வீட்டுவசதியின் குறைந்த அளவை வரையறுக்கும் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. குழாய்நீரும் தனிக்கழிப்பறையும் தோட்டங்களை அடையப் பல ஆண்டுகள் ஆயின. அவற்றுக்காகப் போராடிய தொழிற்சங்கத் தொண்டர்கள் கூலியையும் கௌரவத்தையும் பற்றியே பேசினர். அவர்கள் அறியாமலே குழந்தைகளின் குடலுக்காகவும் போராடினர். வரலாற்றில் குழாய்நீருக்கு உரிய இடம் கூலி உயர்வுக்கு உரிய இடத்தினும் குறைந்ததன்று.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. நீலாய், சிரம்பான் பகுதிகளில் சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகர்ப்புற அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஆயினும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்ததை 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. காரணங்கள் பல; உணவும் வருவாயும் தாயின் உடல்நலமும் அவற்றுள் அடங்கும். எக்காரணமாயினும், பழியை முதலில் தாயின்மேற் சுமத்தும் பழைய வழக்கம் இனியும் தொடர்தல் தகாது.

தமிழாசிரியர்க்கு இவ்வரலாற்றில் தனியானதொரு பங்குண்டு. வகுப்பில் கடைசியாக அமர்ந்து கண்சொருகும் பிள்ளையை மந்தன் என்று பெயரிட்டழைப்பது எளிது. “சாப்பிட்டாயா?” என்று வினவுவது அதனினும் சிறந்தது. அவ்வினாவிற்கு “ஆம்” என்று அப்பிள்ளை விடையிறுத்த பின்னரும், உண்டது உடலிற் சேர்கிறதா, அது பருகும் நீர் எத்தகையது, அதன் வீட்டில் எத்தனைபேர்க்கு எத்தனை கழிப்பறை என்று எண்ணிப் பார்ப்பதே முழுமையான அக்கறை. தாயின் கருவறையில் குறையின்றி அமைந்த குடல், பிறந்த மண்ணிலும் குறையின்றி இருக்கச் செய்வது வீட்டாரின் கடமை மட்டுமன்று, நாட்டின் கடமையுமாகும்.